கிணற்றடிக் கொடியில் வெட்டிய குலைகள்

அன்றைக்கு அங்கே நின்றவர்களின் பெயர்களை முதலில் எழுதி வைக்கிறேன். பிறகு ஒருவரும் எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கமே வரவில்லை என்று கையை விரிக்கக் கூடாது. உன் மாமா தேவசகாயம், என் கூடப்பிறந்த தம்பி, எங்கள் திராட்சை முந்திரிகைத் தோட்டக்காரர் சங்கத்தின் தலைவர், நீ உத்தியோகமாய் வருகிறாய் என்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். உன் மனைவி சுகந்தி, செருப்பில் செம்மண் ஒட்டுகிறது என்று மூன்று தரம் சொன்னாள். உன் மகள் ஷெரின், மஞ்சள் சட்டை. எங்கள் தோட்டத்தில் களை பிடுங்குகிற செல்வமணி, இடுப்பில் ஓலைக் கடகம். நான். பிறகு நீ. ஆறு பேர். உன் பெயரை இப்போது எழுதவில்லை. அதற்கு இடம் வரும். பெற்ற மகன் உன்னைத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டே பழகிய வாய் இது. இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை நீ தேட வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஆள் வேணும் என்று சொல்லி என்னை மறித்தவர் என் சின்னையா. அவர் செத்த வீட்டுக்கு நான் போனேன், அழவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் அவரிடம் போய்க் கேள். ஆனால் நினைவில் பிழை இராது. யார் எங்கே நின்று எந்தக் கையால் எதைத் தந்தார்கள் என்பது எனக்கு அப்படியே இருக்கும். உன் அப்பா இருந்த காலத்தில் சொல்வார், இவளோடு சண்டை பிடிக்க முதல் நாள் வீட்டிலேயே சாட்சி எழுதி வைத்துக்கொண்டு வர வேணும் என்று. அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வியாழக்கிழமை பின்னேரம் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். நான் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டு நின்றேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

“அம்மா, ஷெரின்ரை பிறந்தநாள் வருது. ஆரும் பஸ்ஸிலை இஞ்சாலை வந்தால் கொஞ்ச முந்திரிகைப்பழம் குடுத்துவிடுங்கோ. அப்பம்மாவின்ரை பழம்தான் வேணுமாம்.”

“அதுக்கென்ன, தோட்டம் முழுக்கக் குலை நிக்குது. மாமாவிட்டைச் சொன்னால் ஒரு பெட்டி நிறைய அனுப்புவான். இப்ப கடதாசியும் வந்திட்டுதே, சுத்தமெண்டு.”

நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இல்லை அம்மா, கிணத்தடிக் கொடியிலை வெட்டி அனுப்புங்கோ” என்றாய்.

“ஏன்ரா? நீயே அளந்து எழுதின பழம்தானே அது?”

உனக்குப் பின்னால் நின்று சுகந்தி சொன்னதும் எனக்குக் கேட்டது. “கிணத்தடி எண்டு வடிவாச் சொல்லுங்கோ. பிறகு மாமி மாறி அனுப்பிப் போடுவா.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பிள்ளை ஆசைப்படுகிறாள் என்ற சந்தோஷப் புளுகத்தில், “அண்டைக்கு நீ கேக்க உனக்கெண்டு கிணத்தடியிலை வெட்டித் தந்தனே, அதைப் பிள்ளை விரும்பிச் சாப்பிட்டவளோ?” என்று கேட்டேன்.

“அது... அது ஆய்வுகூடத்துக்கெல்லோ போனது.”

“எது?”

“அம்மா, கோவிக்காதேங்கோ. நான் ஒரு பொய்யும் எழுதேல்லை. பையிலை இருந்த பழத்தை அளந்தன். மெசின் பொய் சொல்லாது.”

நான் தொலைபேசியைத் தவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். நீ அம்மா, அம்மா என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டாய். கோழிகள்தான் கேட்டுக்கொண்டு நின்றன.

இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நான் உனக்கு மட்டும் அனுப்பவில்லை. எங்கள் வளவில் இரண்டு முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. ஒன்று பின்னுக்கு உள்ள பெரிய தோட்டம். சீமெந்துத் தூண், கம்பி, வரிசை வரிசையாய்க் கொடி. எனக்கும் தேவசகாயத்துக்கும் பங்கு, பார்க்கிறவன் அவன். அது சந்தைக்கு. மற்றது கிணற்றடியில் உள்ள ஒற்றைக் கொடி. நாங்கள் இடம்பெயர்ந்திருந்து தெல்லிப்பழைப் பக்கம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. முதலில் கிணற்றை இறைத்தோம், இரண்டாவது இந்தக் கொடியை வைத்தோம். குடிக்கிற தண்ணீர், அதனால் கிணற்றடியில் ஒரு சொட்டு மருந்தும் விழக் கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கொடிக்குச் சாணமும் சாம்பலும்தான். வீட்டாருக்கும் வந்த சொந்தக்காரருக்கும் அந்தப் பழம். தேவாலயத்தில் திருவிருந்துக்கு வைக்கிற திராட்சரசமும் அந்தப் பழத்தில்தான், என் கையால் காய்ச்சுவது. பின்தோட்டத்துப் பழத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் வைத்ததில்லை. வைக்காதே என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னதும் இல்லை. நாங்கள் அப்படிப் பழகிப் போனோம்.

பின்தோட்டத்தில் நடக்கிறதை நீ மறந்திருப்பாய், கொழும்பிலே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறாய். நான் மறக்கவில்லை. மழை இருட்டினால் பூஞ்சணத்துக்கு ஒன்று, இலை சுருண்டால் ஒன்று, பழம் திரள ஒன்று. ஒவ்வொன்றாய் அடிக்க நேரமில்லை என்று மூன்று போத்தலையும் ஒரே வாளியில் ஊற்றிப் பூவரசந்தடியால் கலக்குவான் உன் மாமா. அது பச்சையாய் நுரைக்கும். மூட்டைப்பூச்சியை நசித்த மணம் வரும், இரண்டு நாளைக்குத் தலைமயிரிலும் நிற்கும். மருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு அடிக்கிறவன் செல்வமணியின் புருஷன். வாய்க்குப் பிள்ளையின் பழைய துவாயைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து அடிப்பான், அடித்தது அவன் முகத்திலேயே விழும். அவன் விரல் நகம் பத்தும் மஞ்சள். பந்தலுக்குக் கீழே விடிய நடந்தால் செத்த தேனீ காலில் நெரியும். பழத்தில் காய்ந்த மருந்து வெள்ளைப் பொட்டாய்ப் பிடித்திருக்கும், சந்தைக்கு வருகிற சனம் அதைப் பழத்தில் தானாய்ப் படிகிற மா என்று நினைத்து, பார் எவ்வளவு புதுப் பழம் என்று வாங்கிக்கொண்டு போகும். கொடிகாமத்திலிருந்து வருகிற வியாபாரி ஒருவன், “அக்கா, வெட்டுறதுக்கு முதல்நாளும் ஒருக்கா அடிச்சுவிடுங்கோ, அப்பதான் கொழும்பு மட்டும் காம்பு பச்சையா நிக்கும்” என்று சொன்னான். நான் அவனைத் துரத்தவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். அந்தத் தேத்தண்ணியை நினைத்தாலும் எனக்கு அரியண்டமாய் இருக்கிறது.

நானும் அழுக்குப் பட்டவள்தான், அதையும் எழுதுகிறேன். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். செல்வமணியின் மகள் கலாவுக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சல் விட்டு எழும்பின பிள்ளை, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, முந்திரிகைப்பழம் கேட்டு அழுகிறாள் என்று செல்வமணி வந்து வாசலில் நின்றாள். கிணற்றடியில் பன்னிரண்டு குலை தொங்கியது. அது ரசம் காய்ச்ச வைத்தது என்று என் மனம் சொல்லிற்று. அந்தப் பன்னிரண்டில் ஒன்றை வெட்டினால் கடவுள் குறைந்து போவாரோ? நான் பின்தோட்டத்துக்குப் போய் இரண்டு குலை வெட்டி, ஓலைப் பெட்டியில் போட்டு, மேலே ஒரு இலையும் வைத்துக் கொடுத்தேன். மருந்தடித்து இரண்டு நாள். எனக்குத் தெரியும். கழுவிக் கொடு என்றுகூட நான் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாளே என்ற வெட்கம். மத்தியானம் பிள்ளை வாயால் நுரை தள்ள வாந்தி எடுத்தாள். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிப் போனது. அவளைத் தூக்கி முன்னுக்கு வைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் சைக்கிள் மிதித்தவன் நீ. செல்வமணி பின்னாலே வெறுங்காலோடு ஓடினாள்.

பிள்ளை தப்பினாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். நீதான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தாய். குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்து, “அம்மா, உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு குடுத்தனீங்கள்” என்றாய். உன் வாழ்நாளில் நீ எனக்குச் சொன்ன சொற்களில் அதுதான் நேரானது. அதற்குப் பிறகு சொன்னாய், இதையெல்லாம் அளக்கலாமாம், ஒரு பழத்தில் எந்த மருந்து எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று சொல்லுகிற படிப்பு இருக்கிறதாம், அதைத்தான் படிக்கப் போகிறேன் என்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை என்பது உனக்கு அவ்வளவு சுட்டது. நான் உன்னைத் தடுக்கவில்லை. என் கை செய்ததை உன் கை துடைக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி.

நீ படித்துவிட்டு உத்தியோகம் எடுத்த முதல் விடுமுறையில், நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கப் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினாய். ஒவ்வொரு சொல்லும் என்னிடம் இருக்கிறது. பழத்தைக் கழுவாமல் அப்படியே அரைப்பீர்களாம். அரைத்ததில் ஒரு திரவம் விட்டுக் குலுக்கினால், துருவலில் இருந்து பால் வருகிற மாதிரி மருந்து அதற்குள்ளே இறங்கி வந்துவிடுமாம். அதை மெசினுக்குள் விட்டால் கடதாசியில் ஒரு கோடு ஓடுமாம். மருந்து இல்லையென்றால் கோடு வெள்ளவாய்க்கால் மாதிரி நேரே போகும். இருந்தால் மலைபோல எழும்பும், ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு இடத்தில் மலை. “ஆனா அம்மா, மெசினெல்லாம் பிறகு. எல்லாம் பழம் வெட்டுற இடத்திலைதான் இருக்கு” என்று நீதான் சொன்னாய். தோட்டக்காரன் வெட்டித் தந்ததை வாங்கக் கூடாது. அளக்கிறவன் தன் கையால் வெட்ட வேணும். நாலு மூலையிலும் நடுவிலும், வெயில் பக்கத்திலும் நிழல் பக்கத்திலும் வெட்ட வேணும். துடைக்கக் கூடாது. அந்த இடத்திலேயே பையைக் கட்டிப் பெயர் எழுத வேணும். “இதிலை ஒண்டு பிழைச்சாலும் மிச்சம் முழுக்கப் பொய் அம்மா.” துருவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நீ சொன்ன சொல் இது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன், பின்தோட்டத்துப் பழத்தை அளந்து சொல்லவென்று நீ எடுத்துப் போக வந்த நாளுக்கு. பள்ளிக்கூட விடுமுறை, அதனால் பெண்சாதி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உன் ஆய்வுகூடக் கந்தோர் வாகனத்தை நீயே ஓட்டிக்கொண்டு வந்தாய். எல்லாரும் பின்தோட்டத்துக்குள் நின்றோம். ஷெரின் பந்தலுக்குக் கீழே ஓடிப்போய் எட்டி ஒரு குலையைப் பிடித்தாள். சுகந்தி பாய்ந்து கையில் ஒன்று போட்டாள்.

“சீ! தொடாதை. வா, கையைக் கழுவு.”

தேவசகாயம் சிரித்தான். “பிள்ளை, அது சனத்துக்கு. உனக்கு அப்பம்மா நல்லது தருவா.”

“அப்ப நாங்கள் சனமில்லையோ?” என்று கேட்டாள் உன் மகள்.

எல்லாரும் சிரித்தோம். கெட்டிக்காரி, வாய்க்காரி, அப்பம்மாவைப் போல என்று என்னையும் சேர்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செல்வமணி சிரிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஒழுங்கான கேள்வி கேட்டது ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுதான். அதற்கு நாங்கள் நாலு பேரும் பல்லைக் காட்டினோம்.

பிறகு நீ மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தாய். கையுறை கவருக்குள்ளேயே இருந்தது. தேவசகாயம் உன் காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ கதைத்தான். நான் அதைப் பார்த்தேன், குடும்பக் கதை என்று விட்டுவிட்டேன். நீ தலையை நிமிர்த்தாமல் என்னிடம், “அம்மா, எனக்குக் கொஞ்சப் பழம் வெட்டித் தாறீங்களோ, ஒரு அஞ்சாறு குலை?” என்று கேட்டாய். எனக்கு என்றாய். மகன் எனக்கு என்று கேட்டால் தாயின் கால் எந்தப் பக்கம் போகும்? நேரே கிணற்றடிக்குப் போனேன். செல்வமணி கடகத்தைப் பிடித்தாள், நான் நல்ல குலையாய்ப் பார்த்து ஆறு வெட்டினேன். ரசத்துக்கு வைத்திருந்ததிலும் கை வைத்தேன். கடகத்தை உன் காலடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன். திரும்பி வர, உன் வெள்ளை றெஜிபோம் குளிர்ப்பெட்டி மூடி, மேலே ஒட்டி, கையெழுத்தும் வைத்தாயிற்று. நான் அடுப்படியில் நின்ற நேரத்தில் நீ பின்தோட்டத்துக்குள் போய் நாலு மூலையிலும் வெட்டி முடித்துவிட்டாய் என்று நினைத்தேன். என் மகன் எவ்வளவு கெதியாய் வேலை செய்கிறான் என்று பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டு உன் தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டேன்.

கடதாசி வந்தது. ஒரு மருந்தும் கண்டறியப்படவில்லை. தேவசகாயம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்க அறையில் கொளுவினான். மாலை, வடை, பேச்சு. வடை சுட்டது நான். அந்தக் கடதாசியைக் காட்டித்தான், சுற்று வட்டாரத்துப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டோடு பழம் கொடுக்கிற ஒப்பந்தக்காரரைப் பிடித்தான். புதுத் தவணை தொடங்க, கிழமைக்கு மூன்று நாள், எங்கள் தோட்டத்து முந்திரிகை. மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள். கலா அப்போது இருந்த வயது. நான் அந்தக் கடதாசியை நம்பினேன். உன்னை நம்பினேன் என்று எழுத வேணும். மழையில் கழுவுப்பட்டிருக்கும், தேவசகாயம் திருந்தியிருப்பான் என்று எனக்கு நானே கதை சொன்னேன். நம்பிக்கொண்டு பின்தோட்டத்தில் ஒரு குலை வெட்டிக்கொண்டு செல்வமணியிடம் போனேன். “இந்தா, இப்ப பயமில்லை, கடதாசி வந்திட்டுது” என்று நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. “கடதாசியை ஆரக்கா தின்னுறது?” என்று கேட்டுவிட்டுக் குனிந்து புல்லைப் பிடுங்கினாள். திமிர் என்று நினைத்தேன். அவளோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

நீ வியாழக்கிழமை கதைத்த பிறகு நான் முதலில் போனது தேவசகாயத்திடம். அவன் சவரம் செய்துகொண்டு நின்றான்.

“தேவா, அண்டைக்குப் பெட்டியிலை போனது எந்தப் பழம்?”

“எல்லாம் ஒரே வளவுதானே அக்கா.”

“பாலர் பாடசாலைக்கு எதை அனுப்பப் போறாய்? கிணத்தடியிலை உள்ளதையோ?”

“அது ரெண்டு கடகத்துக்கும் காணாது” என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான்.

“அப்ப பின்தோட்டத்துப் பழம். முதல்நாள் மருந்தடிச்சு.”

“நீ ஏனக்கா உதைக் கிளறுறாய்? உந்த ஓடர் கிடைக்காட்டி கொடியெல்லாம் புடுங்கிப்போட்டு வெங்காயம்தான் வைக்க வேணும். நான் உன்ரை மோனிட்டை ஒரு உதவி கேட்டன், அவன் செய்தான். கையெழுத்து வைச்சது ஆர்? உன்ரை மோனைக் கள்ளனெண்டு நீயே ஊருக்குச் சொல்லப் போறியோ?”

“ஓம், சொல்லப் போறன்.”

சவரக்கத்தி அவன் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. நான் துணி எடுத்துக் கொடுக்கவில்லை.

அங்கிருந்து செல்வமணி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனது அதுதான் முதல் தரம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

“கடகம் பிடிச்சனீதானே. நான் வெட்டினதைத்தான் உவன் பெட்டியிலை போட்டவன் எண்டு கண்டனீதானே. ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்டைக்கு என்ரை பிள்ளைக்குப் பழம் தரேக்கை, நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ அக்கா?”

கலா உள்ளே இருந்து படிக்கிற சத்தம் கேட்டது. நான் மண்ணிலே குந்தினேன். கடைசியில் அவளே, “இப்ப என்ன செய்யப் போறீங்கள்?” என்று கேட்டாள். நீ எனக்குச் சொல்லித் தந்த மாதிரி வெட்ட வேணும், ஒருத்தியால் ஏலாது என்றேன். அவள் சுளகைச் சுவரில் சாத்திவிட்டு எழும்பினாள்.

சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வெட்டினோம். தேவசகாயம் சந்தைக்குப் போன பிறகு. முதல்நாள்தான் அவன் மருந்து அடிப்பித்தவன், இலைக்குக் கீழே இன்னும் மணந்தது. செல்வமணியின் புருஷன் அடித்த மூன்று மருந்தின் வெறும் போத்தல்களையும் அவளே குப்பையில் தேடி எடுத்து வந்தாள். நீ தேங்காய்த் துருவல் தின்றுகொண்டு சொன்னதெல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல, அவள் கையுறையாய்ப் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வெட்டினாள். நாலு மூலை. நடு. வெயில் பக்கம், நிழல் பக்கம். துடைக்கவில்லை. அந்த இடத்திலேயே கட்டி, எந்த வரிசை, எப்போது மருந்தடித்தது, யார் வெட்டியது என்று நான் எழுதினேன். மீன் பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, வெறும் போத்தல் மூன்றையும் வேறாய்ச் சுற்றி வைத்து, உன் கந்தோருக்கு அனுப்பியாயிற்று. உன் பெயருக்கு இல்லை. உனக்கு மேலே இருக்கிறவருக்கு. முதல் அனுப்பினது எந்தக் கொடிப் பழம், வெட்டினது எந்தக் கை என்பதையும் அதற்குள் எழுதி வைத்திருக்கிறேன். வெட்டினது என் கைதான், அதை ஒளிக்கவில்லை. புதுத் தவணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அந்தக் கோடு மலையாய் எழும்ப வேணும். எழும்பினதை ஒருவரும் மறைக்கக் கூடாது. பாலர் பாடசாலை ரீச்சர்மாரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன், கடதாசி எதுவாயும் இருக்கட்டும், நான் வந்து சொல்லும்வரை ஒரு பழமும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. ஒருத்தி எழுதி வைத்தாள். மற்றவள் என்னை விசரி என்று நினைத்தாள், நினைக்கட்டும்.

போதகரிடமும் போனேன். இனி நான் ரசம் காய்ச்ச மாட்டேன் என்றேன். அவர் நல்ல மனுஷன், பயந்த மனுஷன். “ஏனக்கா, கைகால் ஏலாதோ? பரவாயில்லை, கடைப் போத்தல் ஒண்டு வாங்கிச் சமாளிப்பம்” என்றார். “அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு ஆர் அளந்தது ஐயா?” என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். நான் ஏன் காய்ச்ச மாட்டேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். கடவுளுக்கு ஒரு கொடி, வீட்டுக்கு அதே கொடி, ஊருக்கு வேறு கொடி என்று வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் ஞாயிறு தோறும் முழங்காலில் நின்றேன். அந்தச் சிவப்பை வாயில் வைக்கும்போது பின்தோட்டத்தின் மணம் என் தலைமயிரில் இருந்தது. கிணற்றடியும் பின்தோட்டமும் ஒரே கல்லுப்பூமி. மேலே அடிக்கிறது கீழே இறங்கி இந்தக் கிணற்றுக்குள்ளேதான் வரும் என்று சொன்னவனும் நீதான். நாங்கள் சுத்தம் என்று கொண்டாடினது ஒரு நாலு எட்டுத் தூரத்தை. இப்போது அந்தக் கொடியில் உள்ள பழத்தைச் செல்வமணி வீட்டுக்கு அனுப்புகிறேன். கலா சாப்பிடுகிறாள். செல்வமணி சாப்பிடுவதில்லை.

ஷெரினுக்குப் பிறந்தநாளுக்கு நான் பழம் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் நீயே சொல். அவள் தோட்டத்தில் கேட்ட கேள்வியை அவளுக்கு ஞாபகப்படுத்திவிட்டுச் சொல். பிள்ளைக்குப் பொய் சொல்லாதே, அவள் என் பேத்தி, நாற்பது வருஷம் கழித்தும் நினைவில் வைத்திருப்பாள். சுகந்தியோடு சண்டை பிடிக்காதே, அவள் தன் பிள்ளையைத்தான் பார்த்தாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். உனக்கு உத்தியோகம் போனால் வீட்டுக்கு வா. சோறு இருக்கும், படுக்கப் பாய் இருக்கும். நான் தாய், அதில் மாற்றம் இல்லை. ஆனால் மெசின் பொய் சொல்லாது என்று இந்த வீட்டுக்குள் நின்று ஒரு தரம் சொன்னாலும் அந்தச் சோற்றுக் கோப்பையை எடுத்துக் கோழிக்கு வைத்துவிடுவேன். மெசினுக்கு என்ன தெரியும், அதற்குத் தாயா, தம்பியா, பாலர் பாடசாலையா? நீ கதிரையில் இருந்துகொண்டு உன் பொய்யை என் கையால் வெட்டுவித்தாய். அதுவும் அம்மா எனக்கு என்று கேட்டு.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி சங்க அறையில், கண்ணாடி போட்ட அந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தேவசகாயம் இரண்டு தரம் கிழித்தான். மூன்றாவதைக் கலா எழுதி ஒட்டினாள், அவளுடைய எழுத்து என்னுடையதை விட வடிவு.

முதலில் ஆறு பேர் என்று சொன்னேன். ஷெரின் பிள்ளை, அவளிடம் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேணும். சுகந்தியை மன்னித்துவிட்டேன். தேவசகாயத்தையும் ஒரு நாள் மன்னிப்பேன், அவன் சின்ன வயதிலேயே என் மாங்காயைத் திருடிவிட்டு அணில் என்று சொன்னவன், அவனிடம் நான் வேறொன்றையும் எதிர்பார்க்கவில்லை. செல்வமணி என்னை மன்னிக்கவில்லை. அதை அவளிடம் நான் கேட்கவும் மாட்டேன், அது அவளுடையது. என்னை நான் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, அதற்குக் கொஞ்ச வருஷம் மிச்சம் இருக்கிறது. மீதி ஒருவன். கலாவைச் சைக்கிளில் வைத்து மிதித்தவன். ஒரு துளி மருந்தையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அன்று அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவன்தான் நின்றான். தொட்டிலில் கிடக்கும்போது அவனுக்குப் பெயர் தெரிந்தெடுத்தவள் நான், ஞானஸ்நானத்தன்று போதகர் கேட்கச் சத்தமாய்ச் சொன்னவளும் நான். அதே சத்தத்தில் இப்போதும் சொல்கிறேன். சாமுவேல் அருள்நேசன்.